ஜாக்கிகளின் அண்ணன்

விசிலை வாயில் வைப்பதற்கு முன் அவர் மண்டியிட்டு, சுவருக்கடியில் வரிசையாக நிற்கும் ஜாக்கிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறார். "எந்திரிங்கடா, விடிஞ்சிடுச்சு." பிறகு விசில். ஆட்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைப் பிடித்து அரைச் சுற்று சுற்ற, கடிகாரமும் காலண்டரும் மாட்டியபடியே ஒரு முழு வீடு நூலளவு எழும்புகிறது.

தெருவை மேலே மேலே போட்டதில் பள்ளமாகிப்போன வீடுகளைத் தூக்கி நிறுத்துவது இவர் தொழில். பேரும் ஜாக்கிதான். பெற்றவர்கள் வைத்த பேர் இவர் மனைவிக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

சீட்டுக்கட்டில் ராணிக்குக் கீழே நிற்பவன் ஜாக்கி. பந்தயக் குதிரைமேல் குனிந்திருப்பவன் ஜாக்கி. ரேடியோவில் மூச்சுவிடாமல் பேசுகிறவனும் ஜாக்கி. "ஒரே பேர வச்சிக்கிட்டு இத்தனை பேரு பொழைக்கிறானுங்களே, யார்கிட்டேர்ந்து ஆரம்பிச்சிருக்கும்?" என்று போகிற வீடெல்லாம் கேட்டு உயிரை எடுப்பார். ஒரு வீட்டில் ஆங்கில டீச்சர் இருந்தார். அவர் சொன்னாராம்: ஜான் என்ற பேரைச் செல்லமாகச் சுருக்கி ஜாக் என்றார்கள், அந்தப் பேர் மலிந்துபோக, எடுபிடி ஆள் எவனையும் அப்படியே கூப்பிட்டார்கள், அந்த ஆளின் வேலையைச் செய்ய வந்த, பாரம் தூக்குகிற கருவிக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது, குதிரைமேல் போகிற ஜாக்கியும் அதற்குப் பங்காளிதான்.

அதுவரை ஜாக்கிகளைக் காலால்தான் தள்ளுவார். அன்றோடு அது நின்றது. யாராவது ஒன்றின்மேல் உட்கார்ந்து டீ குடித்தால், "ஆளு மேலயா ஏறி உக்காருவ?" என்று முறைப்பார். பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் ஊரோடு சேர்ந்து நானும் நினைத்தேன்.

எங்கள் எதிர்வீட்டைத் தூக்க வந்தார். அங்கே இருப்பது தையல்காரம்மா. வீடும் ஒரு மிஷினும்தான் அவர் சொத்து. போன மழையில் உள்ளே வந்த தண்ணீர், தைக்கக் கொடுத்த துணிகளையெல்லாம் நாசமாக்கியது. இன்னொரு மழை அப்படிப் போனால் ஒருத்தரும் துணி கொடுக்க மாட்டார்கள். வேலை நடக்கும்போதும் வீட்டைவிட்டு வெளியேற மாட்டேன் என்று உள்ளேயே தைத்துக்கொண்டிருந்தார். ஜாக்கி அவர் எதிரே தரையில் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்தார்.

"தண்ணி எப்படிம்மா?" என்று கீழிருந்து கேட்பார்.

"அப்படியே இருக்குண்ணே."

இடுப்பளவு உயரம் போனபிறகு ஒரு விசிலில் அந்தப் பதில் மாறியது. "சிந்துதுண்ணே." வாசல் நிலைக்கு மேலே மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. மிஷின் நின்றது.

"யாரும் கம்பிய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கடியில் நுழைந்தார். பின்மூலை இறங்கியிருந்தது. அங்கே நின்றது அவருடைய முதல் ஜாக்கி, மரை தேய்ந்த கிழம். பாரம் குறைந்த மூலையில் நிற்கட்டும் என்று அவர்தான் பார்த்து வைத்திருந்தார். அது துணி துவைத்த தண்ணீர் ஊறிய மூலை என்பதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, வீடு போயிடுமா?"

"போகாதும்மா. ஒருத்தனுக்குக் கால் வழுக்கிடுச்சு, மத்தவனுங்க தாங்குறானுங்க. அவன்மேல தப்பில்ல, ஈரத்துல நிக்க வச்சது நான்."

பக்கத்தில் வேறு ஜாக்கிக்குப் பாரத்தை மாற்றினார். ஈர மண்ணை வழித்தெடுத்துப் பலகை அடுக்கி, கிழத்தை மறுபடி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சுற்றினார். விரிசல் மெல்ல மூடிக்கொண்டது. "சிந்துறது நின்னுடுச்சுண்ணே" என்றார் தையல்காரம்மா. சற்று நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது.

அடியில் செங்கல் கட்டி முடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. தெருத் தண்ணீர் புதுப் படியில் முதல் கல்லோடு நின்றுவிட்டது. ஆட்கள் நனைந்துகொண்டே ஜாக்கிகளை லாரியின் பின்னால் ஏற்றினார்கள். கிழத்தை மட்டும் அவர் வாங்கி, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் துடைத்து, டிரைவருக்கும் தனக்கும் நடுவில் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார்.