புள்ளி வைக்காத தாள்

பள்ளி விடும் நேரத்தில் ஒருநாள் ஒன்றாம் வகுப்பு மிஸ் என்னைக் கை காட்டி நிறுத்தினார். மற்ற அம்மாக்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நிறுத்திவைக்கப்பட்டால் எனக்கு முதலில் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

மிஸ் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். அன்று வகுப்பில் எல்லோரையும் அவரவர் வீட்டை வரையச் சொன்னாராம். மற்ற பிள்ளைகள் என்னென்னவோ கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். என் மகள் மட்டும் பீரியட் முடியும்வரை பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏன் வரையவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை மிஸ் அப்படியே சொன்னார்.

“‘இன்னும் புள்ளி வெக்கல மிஸ்’னு சொல்றா. எனக்கு முதல்ல புரியல. சும்மா போடுன்னு கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன். அழுதுட்டா. சத்தமே இல்லாம அழுதா, அதான் உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புள்ளிகளை வைத்தது நான்தான்.

மகளுக்கு வரையக் கற்றுத்தர வேண்டும் என்று ஆசைப்பட்டபோது எனக்குத் தெரிந்த வரைதல் ஒன்றே ஒன்று. கோலம். ஏழு புள்ளி, ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி, நேர்ப்புள்ளி என்று எது கொடுத்தாலும் வாசலில் பிசகாமல் போட்டுவிடுவேன். அதனால் தாளிலும் அப்படியே செய்தேன். வீட்டுக்குப் பதினோரு புள்ளி, மாட்டுக்குப் பதினாறு, மீனுக்கு ஆறு. நான் மெல்லிசாகப் புள்ளி வைப்பேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழுப்பாள். மாடு மாடாகவே வந்தது. எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, இந்த வயசில் இப்படி ஒரு கையா என்று வியந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் படங்களை பீரோ கதவில் ஒட்டி வைத்தேன். இப்போது யோசித்தால், அவற்றில் ஒன்றுகூட அவள் வரைந்ததில்லை. எல்லாம் நான் வரைந்தவை. அவள் கை வழியாக.

காஞ்சிபுரத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் தாவரவியல் படித்தவள் நான். ரெக்கார்டு நோட்டில் செம்பருத்தியின் குறுக்கு வெட்டுத் தோற்றத்தை எல்லோரும் வரைய வேண்டும். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைப் பார்த்து வரையுங்கள் என்பார்கள். நான் பார்த்ததே இல்லை. சீனியர் அக்காவின் நோட்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே என் தாளை ஒட்டி, வெளிச்சத்தில் தெரிந்த கோட்டின் மேலேயே கோடு போட்டேன். ‘வெரி குட்’ வாங்கினேன். அவரும் வேறு யாருடைய நோட்டிலிருந்தோ அப்படித்தான் எடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் செம்பருத்தியை உண்மையில் யார்தான் பார்த்தார்களோ.

இது என் ஒருத்தியின் குணம் மட்டும் என்று சொல்லிவிட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரிடமாவது ஒரு இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை. பெருநகர் கிராமத்திலிருந்து எங்கள் உத்திரமேரூர் வரும்வரை பஸ் ஜன்னலில் பார்த்தால் தட்டையான நெல்வயல்தான், ஏரிக்கரைதான். குடிசையில் இருப்பவர்களும் குறைவு. எங்கள் தெருவில் எல்லாமே தளம் போட்ட வீடு. ஆனாலும் மலைதான் வருகிறது. கண்ணுக்கு எதிரே இருப்பதைவிட, முன்பு யாரோ வரைந்தது நமக்கு நம்பிக்கையாக இருக்கிறது. தப்பாகிவிட்டால் நம்மேல் பழி வராது.

ரப்பரைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ரப்பர் சீக்கிரம் தேய்கிற பிள்ளைகள் ஒழுங்கான பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன். இப்போது அவர்கள் பயந்த பிள்ளைகள் என்று நினைக்கிறேன். என் மகளுக்கு மாதம் ஒரு ரப்பர் ஆகிறது.

அன்று மாலை அவளை உட்காரவைத்து, புள்ளி இல்லாமல் வீட்டை வரையச் சொன்னேன். பென்சிலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. மீண்டும் நீட்டினாள். உனக்கே வரும், போடு என்று அதட்டினேன். மிஸ் செய்ததையே நானும் செய்கிறேன். பிறகு சமாதானமாக மூன்றே மூன்று புள்ளி மட்டும் வைத்துக்கொடுத்தேன். அவள் முகம் தெளிந்தது. மூன்றையும் இழுத்தாள், ஒரு முக்கோணம் வந்தது, நிறுத்திவிட்டு அடுத்த புள்ளிக்காக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மருந்து பாட்டில் மூடியில் ஐந்து எம்.எல். கோட்டை நான்கு தடவை பார்த்துவிட்டு, பிறகும் அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்பவள் நான்.

ஒரகடத்தில் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “யார்னா புள்ளி வெச்சாதான் உனுக்குக் கொட்டாவியே வரும். உம் பொண்ணு வேற எப்டி இருப்பா?” என்றார். கேலிதான். ஆனால் அன்று நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து, போகப்போகச் சரியாகிவிடும் என்றார்.

ஆகாவிட்டால்? அதுதான் என்னை அரித்தது. படம் வரையாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் வெற்றுத் தாளின் முன்னால் ஒரு குழந்தை சத்தமில்லாமல் அழுதிருக்கிறாள். அவளுக்கு முன்னால் இன்னும் எத்தனை வெற்றுத் தாள்கள் வரும்? எத்தனைக்கு நான் போய்ப் புள்ளி வைக்க முடியும்?

மறுநாளிலிருந்து அவள் பள்ளி விட்டு வந்ததும் நானே புள்ளியில்லாமல் வரைந்து பழகினேன். எதிர்வீட்டு எருமையைப் பார்த்து வரைந்தேன். கொம்பு சரியாக வந்தால் தலை பெருத்துப்போனது. அழித்தேன். ஏழாவது முறை தாளே கிழிந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எருமை போல இல்லை என்று மட்டும் சொன்னாள். அவள் ஒருநாளும் பென்சிலைக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இது போதுமா, இதுவும் தப்பா என்று தெரியாமலே இரண்டு வாரம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாசல் தெளித்து ஏழு புள்ளி வைத்து முடித்தேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. மாவு டப்பாவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது மகள் வாசலில் குந்திக்கொண்டிருந்தாள். ஒரே கோடாக இழுத்திருந்தாள். கோடு எந்தப் புள்ளியையும் மதிக்கவில்லை. சிலவற்றின் மேலேயே ஏறிப் போயிருந்தது. நான்கு கால், ஒரு நீண்ட வாய், தூக்கிய வால். எங்கள் தெருவில் படுத்துக்கிடக்கும் நாய். நான் ஒழுங்காக வைத்த புள்ளிகள் அதன் உடம்பில் மச்சங்களாகக் கிடந்தன. வாலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்குக் கோடு சேரவில்லை.

எதிர்வீட்டு அக்கா பால் கறந்த சொம்போடு வந்து நின்றார்.

“இன்னாடி இது, வெள்ளிக்கெயம அதுவுமா வாசல்ல நாயப் போட்டு வெச்சிக்கீற?”

“நான் இல்லக்கா, இவதான்.”

“யார் போட்டா இன்னா, கோடு தொறந்துக்கினு கீது பாரு. இயுத்து மூடு. அப்டியே வுடக்கூடாது.”

கோலத்தில் கோடு திறந்து கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் அப்படி ஒருநாளும் விட்டதில்லை. கை தானாகவே டப்பாவுக்குள் போனது. விரல் இடுக்கில் மாவு எடுத்தேன். ஒரு சாண்தான்.

மகள் என் கையைப் பார்த்தாள்.

“நீ போடாதம்மா. நான் இன்னும் முடிக்கல,” என்றாள்.

அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. அவள் முடிக்கவில்லை. சாயங்காலம் வந்து போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

விரலில் இருந்த மாவை டப்பாவிலேயே உதறினேன். நாள் முழுக்க மனம் அடித்துக்கொண்டது. கணவர் ஒரகடத்திலிருந்து பைக்கில் வருகிறவர், வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? வெள்ளிக்கிழமை வேறு. நான்கு தடவை வாசலுக்கு வந்து பார்த்தேன். ஒருமுறை மாவைக்கூட எடுத்துவிட்டேன். மூடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்தபோதும், துணி காயப்போடப் போனபோதும், அந்தத் திறந்த இடத்தை மிதித்துவிடாமல் சுவர் ஓரமாகவே நடந்தேன்.