புரட்டாசிக்கு முந்தின நாள் கொடுவா

மறுநாள் விடிந்தால் புரட்டாசி. அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே தணிந்த குரலில்தான் சொல்வோம். ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை, கொடுவா பிடித்துக்கொண்டுதான் வீடு திரும்புவேன் என்று நான் சபதம் செய்தது வீரத்தில் சேராது, பசியில்தான் சேரும்.

"மார்க்கெட்ல வாங்கிகினு வந்தா ஆவாதா?" என்றாள் மனைவி. மசாலாவை அரைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

ஆகாது. துறைமுகத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன தூண்டில்கோலும், மீன் பிடிப்பது பற்றிய இங்கிலீஷ் புத்தகமும் என் வசம் இருந்தன. புத்தகத்தை இரண்டு தடவை படித்திருந்தேன். கோலை ஒரு தடவைகூட நீட்டிப் பார்த்ததில்லை.

"வெளக்கு வெச்சாச்சுன்னா மீன்சட்டியக் கழுவிப் பரண்ல கவுத்துடுவேன். அப்பால நீங்க திமிங்கலமே கொண்டாந்தாலும் பேஜாருதான்."

துணைக்கு வந்தவர் ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே மளிகைக் கடை வைத்திருந்த நாகர்கோவில் நண்பர். கிறிஸ்தவர், புரட்டாசி அவரை ஒன்றும் செய்யாது. காலைப் பூசையை முடித்துக்கொண்டு வந்தார். ரயிலேறி எண்ணூரில் இறங்கினோம்.

அங்கே கடலில் கலக்கும் ஆறு எங்கள் இருவருக்கும் புதிது. கரையில் உட்கார்ந்து இட்லியைத் தின்று, இலையைத் தண்ணீரில் விட்டோம். அது கடலைப் பார்த்துப் போனது. மீன் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் வைத்திருக்கும், நீ அதன் முதுகுப்பக்கம் நில் என்பது புத்தகத்தின் கட்டளை. அதன்படி முகத்துவாரத்துப் பக்கமாக நகர்ந்து நின்று, உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டி வீசினேன். முதல் வீச்சில் நண்பரின் தோள் துண்டு மாட்டியது.

தோணியில் போன ஒருவர் நின்று பார்த்தார். "இன்னா நைனா, துண்டக் கொழம்பு வெப்பியா, வறுப்பியா?"

மத்தியானம்வரை அதற்கு மேல் எதுவும் மாட்டவில்லை. நண்பர்தான் திடீரென்று கத்தினார்: "ஓய், நாம தின்ன இலை திரும்பி வருதுவே!"

வந்துகொண்டுதான் இருந்தது. கடல் ஏறி, தண்ணீரை உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டது. புத்தகத்து ஆறுகள் குளிர்ந்த மலையில் பிறந்து ஒரே திசையில் ஓடும் ஒழுக்கமான ஆறுகள். சாப்பாட்டு வேளையில் மனம் மாறுகிற ஆறு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மீன்களெல்லாம் இப்போது திரும்பி எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"எழுந்திருங்க, முதுகுப்பக்கம் போயிடலாம்."

"பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்வே. நான் எழும்ப மாட்டேன்."

கோலை அவரிடம் கொடுத்துவிட்டு, மீன்களின் முதுகைத் தேடி நான் மட்டும் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்து நிற்கையில் பின்னால் அலறல். கோல் வில்லாக வளைந்திருந்தது. நண்பர் குதிகாலால் கரையை உழுதுகொண்டே தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். மூவரில் யார் யாரை இழுத்தோமோ, கடைசியில் கரைக்கு வந்தது கொடுவா. என் கை நீளம் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். முழங்கை நீளம் என்பார் நண்பர்.

ரயில் தாமதம். வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சட்டி பரணில் கவிழ்ந்திருந்தது.

மனைவி மீனைப் பார்த்தாள், என் சேற்றைப் பார்த்தாள். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

வாசலிலேயே நின்ற நண்பர், "எங்க வீட்டுச் சட்டி கீழதான் இருக்கு, தங்கச்சி," என்றார்.

"மாசம் காலைலதானே பொறக்குது?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனவள், இலை போட்டு மூடிய மசாலாக் கிண்ணத்தோடு வந்தாள். காலையில் அரைத்ததை அவள் கொட்டவே இல்லை. "நட அண்ணா. அண்ணிகூட நானும் அடுப்பாண்ட நிக்கறேன்."

தெருவில் போகும்போது கேட்டாள்: "யாரு புடிச்சது?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "புத்தகம்," என்றார் நண்பர்.

அவள் நம்பவில்லை. ஆனாலும் மீன்தலையை என் இலையில்தான் வைத்தாள்.