ஒரு சஹனும் ஒற்றை இலக்கமும்

முந்தி புத்தளம் தனித் தொகுதியாக இருந்தது. ஒரு தொகுதி, அதற்குப் பாராளுமன்றத்தில் ஒரு ஆள். "அந்த நேரம் ரோட்டுல குழி விழுந்தா யார்ட காலரைப் பிடிக்கிற எண்டு எங்களுக்குத் தெரியும்" என்று என் வாப்பா சாகும்வரை சொன்னார். பிறகு சிலாபத்தையும் எங்களையும் கற்பிட்டியையும் ஒன்றாகக் கலந்து, மாவட்டம் முழுக்க ஒரே களமாக்கிவிட்டார்கள். தொகுதியின் பெயர் இன்றும் இருக்கிறது, வாக்கு எண்ணுவதற்கு. ஆள்தான் இல்லை. கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டுவிட்டு, அந்தக் கட்சிக்காரர்களில் மூன்று பேருடைய இலக்கங்களுக்கு விருப்பு வாக்குப் போடலாம். கூட விருப்பு வாக்கு எடுத்தவன்தான் பாராளுமன்றம் போவான்; அதனால் ஒரு கட்சிக்காரனே தன் கட்சிக்காரனின் காலை வாருகிறான். வாப்பா இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கொட்டாவி வரும். என் வீட்டுக்குள்ளேயே அது நடக்கும் என்று யார் கண்டது!

எங்கள் வீட்டுப் பக்கத்தால் கடற்கரைக்கு ஒரு ஒழுங்கை, ஒடுங்கின பாதை, போகிறது. என் புருஷனும் பக்கத்து வீட்டு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பத்து ஆம்பிளையும் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போவார்கள். அவருடைய மனுசியும் நானும் கரையில் ஒன்றாகக் கருவாடு காயப்போடுவோம். அக்காவுக்கு எங்கள் பேச்சில் ராத்தா, அண்ணனுக்கு நானா; அவளும் என்னை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்துக் காணியில் ஹோட்டல் கட்ட வந்தவர்கள் ஒழுங்கையையும் சேர்த்து வேலி அடைக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. அடைத்தால் இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

தேர்தல் வந்தது. ஒரே கட்சியில் எங்கள் முஸ்லிம் ஆள் ஒருவர், அவர்களுடைய வேதக்கார ஆள் ஒருவர். இரண்டு பக்கத்து ஆட்களும் இரண்டு பேருடைய இலக்கத்துக்கும் போடுவது, இரண்டு பேரும் பாராளுமன்றம் போய் ஒழுங்கையைக் காப்பாற்றுவது என்று பேச்சு. பேசி முடித்தது என் வீட்டில். சஹன் வைத்தேன். சஹன் என்றால் பெரிய தட்டுச் சோறு, ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது. ஒரு சஹனில் சாப்பிட்டவனுக்குத் துரோகம் நினைப்பதை விடப் பெரிய கேவலம் எங்களில் இல்லை.

அவளுடைய புருஷன் கூச்சத்தோடு உட்கார்ந்தார். "நானா, நான் கை வைக்கலாமா?"

"என்ன தம்பி கேள்வி? இதுல கை வச்சா நீங்க எங்கட ஆள்" என்றார் என் புருஷன். எங்கள் வேட்பாளர் தன் கையாலேயே கோழியைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தார். திரைக்குப் பின்னால் நானும் அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சந்தோசம் எங்களுக்கு!

வாக்குப் போட்ட அன்று மை பூசிய விரலை அவள் வேலிக்கு மேலால் காட்டினாள். நானும் காட்டினேன். இரண்டு இலக்கத்துக்கும் போட்டிருந்தேன்.

எங்கள் ஆள் வென்றார். அவர்கள் ஆள் கொஞ்சத்தில் தோற்றார். எங்கள் வாசலில் பட்டாசு வெடித்தது. தோற்ற வீட்டிலிருந்து அவள் கேக் கொண்டு வந்தாள், வாழ்த்துச் சொல்ல. அந்த நேரம் பார்த்து என் புருஷனின் கூட்டாளி ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "நம்மட ஆக்களை ஒத்த இலக்கம் மட்டும் போடச் சொன்னது வேலை செஞ்சிட்டு பாத்தியா! ரெண்டு பேருக்கும் போட்டிருந்தா நம்மட ஆளை அவங்கட ஆள் முந்தி இருப்பான்."

அவள் கேக்கைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டேன்.

"ஓம். கடைசி நேரம் ஆம்பிளைகளுக்கு மட்டும் சொன்னாங்க."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உனக்குச் சொன்னா நீ அவக்கிட்ட சொல்லிருவாய்."

யா அல்லாஹ்! என் சோற்றை வைத்து, என் வீட்டில் உட்கார்ந்து, என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்கள். நான் போட்ட இரண்டு இலக்கத்தை இனி யார் நம்புவார்? இரண்டு பேருக்கும்தான் போட்டேன் என்று வேலியடியில் நின்று அவளிடம் சொன்னேன். "நீங்க போட்டிருப்பீங்க ராத்தா" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை.

மழைக்கு முன்னமே ஹோட்டல்காரர் ஒழுங்கையை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். வென்றவரிடம் போனோம். தேத்தண்ணி தந்தார். "நான் இப்ப முழு மாவட்டத்துக்கும் எம்பி. ஒரு ஒழுங்கைக்காக நான் சண்டைக்குப் போகேலுமா?" என்றார். வாப்பா சொன்ன காலர் என் கண் முன்னால் வெள்ளை வெளேரென்று இருந்தது. பிடிக்கக் கை போனது. என் புருஷன் எழும்பி, "சரி சேர்" என்றார். அந்த "சரி சேர்"ஐ நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேதக்காரர் தங்கள் கோயில் வளவு ஓரமாகக் கல்லை அகற்றி, தோணி இழுக்க ஒரு இடம் செய்துகொண்டார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. கடைசியில் என் புருஷன் அங்கே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

அவளுடைய புருஷன் வலையைக் கீழே வைத்தார்.

"இழுங்க நானா, இடம் இருக்கு" என்றார். தானே வந்து தோணியில் தோள் கொடுத்தார். மணலில் ஏறியதும் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆனா இனிச் சாப்பிட மட்டும் எங்களைக் கூப்பிட வேணாம்."