புதன் கிரகத்தில் ஒரு வளையல்

போன ஞாயிறு, கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு வாசகசாலையில் கிரகங்களைப் பற்றி ஒரு பேச்சு. எனக்குக் கூட்டம் என்றாலே கூச்சம். இந்தப் பத்தியில் அடிக்கிற அரட்டையில் பாதிகூட நேரில் வராது.

"சாயாவும் பழம்பொரியும் உண்டாம்" என்றாள் என் மனைவி நசீமா. இருவரும் போனோம்.

திரையில் புதன் கிரகம். கறுத்த, தட்டையான சமவெளி. எப்போதோ எரிமலைக் குழம்பு வெள்ளமாகப் பாய்ந்து பழைய குழிகளையெல்லாம் மூடிவிட்டதாம். ஆனாலும் அங்கங்கே வட்ட வட்டமாகத் தடம்.

"மூடிய குழி எப்படி வெளியே தெரிகிறது?" — பேச வந்த ஆசிரியர் கேட்டார். நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்குப் பதில் தெரியும்! ஆனால் எழுந்து சொல்வது யார்?

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், மொட்டைமாடி ஒழுகாமலிருக்கத் தார் ஊற்றுகிற வேலையில் இருந்தேன். மழைக்கு முன்னால், யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் குடோனின் மாடி. காயப்போட்ட சுக்கை அள்ளிக்கொண்டு இறங்கிய பெண்களில் ஒருத்தியின் கவரிங் வளையல் தரையில் கிடந்தது. மேலேயே தாரை ஊற்றிவிட்டேன்.

"அண்ணே, என் வளையல்! பெருநாளுக்கு வாங்கினது!"

"பாக்கலையே..." என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் தார் ஆறிச் சுருங்கியிருந்தது. வளையலுக்கு மேலே மட்டும் தார் மெல்லிசு அல்லவா? அங்கே அழகாய் ஒரு வட்டம். புது வளையலோடு அவள் வீட்டுக்குப் போனேன். அப்புறம்... நிக்காஹ்.

ஆசிரியரும் அதையேதான் சொன்னார். குழிக்குள் குழம்பு ஆழம், விளிம்பின் மேல் மெல்லிசு. ஆறிச் சுருங்கும்போது விளிம்பு தெரிந்துவிடும்.

எனக்கு உள்ளே உறுத்தியது. இருபத்தேழு வருஷப் பொய். சொன்னால் சிரிப்பாளா, பேச்சை நிறுத்திவிடுவாளா? திரும்பி நடக்கும்போது சொல்லிவிட்டேன்.

"நசீமா... அன்னிக்கு நான் வளையலைப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். உங்கிட்ட பேச வேற வழி தெரியல."

அவள் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அது எவ்வளவு இறுக்கமான வளையல் தெரியுமா? கழட்டுறதுக்குள்ள என் கை செவந்துபோச்சு."

"நீயே கழட்டிப் போட்டியா?"

"பின்னே? ஒரு வாரமா பாத்துட்டே இருந்தீங்க... வாயே திறக்கல. நான் என்ன செய்ய?"

இத்தனை வருஷமும் தட்டை நிலம் என்று நினைத்துத்தான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன்!