வீட்டுக்காரர் வரும் பத்து நாட்கள்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் பல வருடங்கள் வாடகைக்கு இருந்த வீடு, மொட்டைமாடியில் நின்றால் ராஜகோபுரம் மறைப்பில்லாமல் தெரியும் வீடு. குடிபோனபோது அதை ஒரு வசதியாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தண்ணீர் நன்றாக வரும் என்றுதான் சொன்னார்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கணவருக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மொத்த மருந்துக் கடையில் வேலை. ஒரே மகள். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் துணி காயப்போட்டோம்.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்து வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார். என்ன விலைக்குப் போனது என்று என் கணவர் கேட்டார். அதற்கு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை.

வாங்கியவர் திருச்சியில் படித்து வெளியே போய்ப் பெரும் பணக்காரர் ஆனவர். எந்த நாட்டில் இருக்கிறார் என்பது மாதத்தைப் பொறுத்தது என்று அவருடைய மேனேஜர் சொன்னார். மேனேஜர் சென்னையிலிருந்து போனில் பேசும் இளைஞர். மிகவும் மரியாதையானவர்.

"நீங்க காலி பண்ண வேண்டாம் மேடம். பூட்டிக் கிடந்தா வீடு கெட்டுப்போயிடும்னு சார் நினைக்கிறாரு. ஆள் புழங்கணும். வாடகையும் அதேதான்."

"ரொம்ப சந்தோஷங்க."

"ஒரே ஒரு விஷயம். வைகுண்ட ஏகாதசிக்கு சார் குடும்பத்தோட வருவாரு. அந்தப் பத்து நாள் மட்டும் வீடு வேணும்."

வேறு வீடு தேடிப் பார்த்தோம். எங்களால் கொடுக்க முடிந்த வாடகைக்கு ஸ்ரீரங்கத்தில் இருந்தவை வீடு என்று சொல்லும்படி இல்லை. ஒப்புக்கொண்டோம். மார்கழி வந்தது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பி பணிமனையில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி கூடத்தில் எங்களுக்குப் பாய் விரித்தாள்.

அந்த முதல் வருடம், திருத்த வேண்டிய அரையாண்டு விடைத்தாள்களை பீரோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். எடுக்கப் போனபோது எங்கள் வாசலில் ஒரு காவலாளி நின்றார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வேண்டாங்க. பேப்பர் எடுக்கணும். நான் இங்க குடியிருக்கேன்."

அவர் என்னை நம்பவில்லை. குரல் கேட்டுப் புது வீட்டுக்காரரே வெளியே வந்தார். சாதாரண வேட்டி, செருப்பில்லாத கால். தெருமுனையில் அவருடைய இரண்டு கார்கள் உள்ளே நுழைய முடியாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்திராவிட்டால், கோயிலுக்கு வந்த யாரோ என்று நினைத்திருப்பேன்.

"வாங்க வாங்க, உட்காருங்க" என்று என் வீட்டில் என்னை உட்கார வைத்தார். சென்னையிலிருந்து கூட்டி வந்திருந்த சமையல்காரர் எனக்குக் காபி கொண்டுவந்தார். என் டம்ளர்தான். காபி நான் போடுவதைவிட நன்றாக இருந்தது.

"உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குங்க" என்றார். "வருஷம் பூரா இங்கேயே இருக்கீங்க."

"வருஷம் பூரா இல்லைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். பிறகு தன் தேவைகள் மிகவும் குறைவு என்றும், ஒரு மோர் சாதமும் இந்த மொட்டைமாடியும் போதும் என்றும் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதர் நல்லவர்தான். விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பியபோது கூடத்தில் ஒரு சோபா இருந்தது. அவர்கள் வசதிக்கு வாங்கிப் போட்டது, அப்படியே இருக்கட்டும் என்றார் மேனேஜர். அடுத்த வருடம் ஒரு பெரிய ஃபிரிட்ஜ் வந்தது. அதன் கதவிலேயே ஒரு திரை உண்டு. ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் இன்று பனி பெய்யும் என்று அது தினமும் சொல்லும். மாற்ற யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் அதில் தோசைமாவு வைத்தோம். பிறகு சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. ஒவ்வொரு மார்கழிக்கும் வீடு பணக்கார வீடாகிக்கொண்டே போனது. நாங்கள் அப்படியே இருந்தோம். சொந்தக்காரர்கள் எங்களைப் பற்றி வேறு மாதிரிப் பேசத் தொடங்கினார்கள்.

இந்த நிலைமையில்தான் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். உப்பிலியபுரத்தில் விவசாயக் குடும்பம். பையன் சென்னையில் வேலை பார்க்கிறான். அந்தச் சோபா மிகவும் ஆழமானது. சாய்ந்து உட்கார்ந்தால் கால் தரையை விட்டு எழும்பிவிடும். அதனால் பையன், அவன் அப்பா, அம்மா மூவரும் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அம்மா டிவியைப் பார்த்தார், ஃபிரிட்ஜைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார்.

கடைசியில் அவர், "எல்லாம் சொந்தந்தானுங்களே?" என்று கேட்டார்.

என் கணவருக்குப் பொய் வராது. சற்று யோசித்தாவது சொல்லியிருக்கலாம். "சோபா வீட்டுக்காரரோடது. டிவி அவரோடது. ஃபிரிட்ஜும் அவரோடது. வீடும் அவரோடதுதான்" என்றார்.

"அப்போ உங்களுது எதுங்க?"

மகள் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "கிரைண்டர் எங்களுதுங்க" என்றாள். "அப்புறம் நான்."

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பையனின் அப்பா பெருமூச்சு விட்டார், சோபாவில் சாய்ந்தார், கால்கள் மேலே எழும்பின.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "பெரிய இடத்துல தெரியாம வந்து மாட்டிக்கிட்டோமேன்னு நான் வேர்த்துப்போய் உக்காந்திருக்கேன்."

பத்து நாள் கதையை என் கணவர் சொன்னார். பையனின் அப்பா கவனமாகக் கேட்டார். பச்சைமலை அடிவாரத்தில் அவர்கள் நிலத்தை ஒட்டியிருந்த தோட்டங்களையெல்லாம் ஒரே ஆள் வாங்கி வேலி போட்டுவிட்டாராம். வருடத்துக்கு ஒருமுறை வந்து மலையைப் பார்த்துவிட்டுப் போவாராம்.

"மாட்டை உள்ள விட்டு மேய்ச்சுக்கங்கன்னு சொல்லிட்டாரு. புல்லு உசரமா வளர்ந்தா மலை தெரியாதாம். அவரு வர்றப்ப மட்டும் மாட்டை வெளியே ஓட்டிடணும்."

"நல்ல மனுஷன்தான் போல" என்றார் என் கணவர்.

"நல்ல மனுஷன்தாங்க" என்றார் அவர்.

கல்யாணம் நிச்சயமானது. பையனுக்கு விடுப்பு கிடைத்த நாளையும் மண்டபம் கிடைத்த நாளையும் பார்த்துத் தை மாதத் தொடக்கத்தில் முகூர்த்தம் வைத்தோம். அந்த வருடம் ஏகாதசிக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே அதிக நாட்கள் இல்லை. பலகாரம் சுடுவது, சாமான் சேர்ப்பது எல்லாம் அந்தப் பத்து நாட்களில்தான் வந்தது. மேனேஜருக்குப் போன் செய்தேன். இந்த ஒரு வருடம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"கண்டிப்பா சார்கிட்ட கேக்கிறேன் மேடம்" என்றார். மறுநாளே கூப்பிட்டார். "சார்கிட்ட சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாரு."

"அப்போ நாங்க காலி பண்ண வேண்டாமா?"

"பண்ணணும் மேடம்."

மளிகைச் சாமானோடு பொன்மலைக்குப் போனோம். தம்பி வீட்டு அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். எங்கே வைத்துச் சுடுவது என்று நானும் தம்பி மனைவியும் யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. வீட்டுக்காரரின் சமையல்காரர்.

"மேடம், சார் இந்த வருஷம் வரலையாம். வேற ஊருக்குப் போயிட்டாரு. எங்களைப் பத்து நாளும் இங்கயே இருக்கச் சொல்லியிருக்காங்க. சமைக்கிறேன், வாட்ச்மேனும் நானும் சாப்பிடுறோம். எனக்குக் கை நிக்க மாட்டேங்குது."

"சரிங்க."

"வீட்ல கல்யாணம்னு சொன்னாங்க. மாவு இருந்தாக் கொண்டு வாங்களேன்."

மறுநாள் காலை எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் வருடம் என்னை உள்ளே விடாத அதே காவலாளி மூட்டைகளைத் தூக்கி உள்ளே வைத்தார். தம்பி மனைவி மாவு பிசைந்தாள். சமையல்காரர் லட்டு பிடித்தார், முறுக்கு சுட்டார், அதிரசப் பாகு பதத்துக்கு வந்ததும் எங்களைப் பேச வேண்டாம் என்றார். பலகாரத்தை ஆறவைக்கச் சோபாவின் மேல் செய்தித்தாள் விரித்தோம். அந்த வீட்டில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. சாயங்காலம் சமையல்காரர் எல்லோருக்கும் மோர் சாதம் போட்டார். மொட்டைமாடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. வீட்டுக்காரரிடமிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு பூங்கொத்து வந்தது. மண்டப வாசலில் அதை வைத்ததும், வந்தவர்கள் பாதிப் பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சமையல்காரர் விடுப்பு கிடைக்காததால் வரவில்லை.

சித்திரையில் மேனேஜர் பேசினார். பக்கத்து இரண்டு வீடுகளையும் சார் வாங்கிவிட்டார், மூன்றையும் சேர்த்துப் பழமை மாறாமல் புதுப்பிக்கப்போகிறார், அதனால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மன்னிப்பும் கேட்டார். சோபாவை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், டோல்கேட் அருகில் எங்களுக்குக் கிடைத்த வீட்டின் படிக்கட்டில் அது ஏறவில்லை. சம்பந்தி குட்டியானை வண்டியோடு வந்து உப்பிலியபுரத்துக்கு ஏற்றிப்போனார்.

சில மாதங்கள் கழித்துக் கோயிலுக்குப் போனபோது அந்தத் தெரு வழியாக வந்தேன். வாசலில் மணல் குவிந்திருந்தது. கொத்தனார் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன்.

"லிஃப்ட் வைக்கிறாங்கம்மா."

"எத்தனை மாடி வருது?"

"மாடி எதுவும் வரலை. மொட்டைமாடிக்குப் போறதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கடையிலிருந்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்தார்.

"அவருக்கு முட்டி வலி இருக்கும் போல. பாவம்" என்றார். துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார்.