அரையிறுதியன்று ஸ்ரீரங்கமும் முக்கொம்பும்: ஒரு ரெஃபரியின் ஓய்வு நாள்

சேலத்துக்காரியான நான் திருச்சிக்கு ஊர் பார்க்கப் போகவில்லை. மாசி மாதத்தில் நடந்த பெண்கள் ஜூனியர் சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்கு ரெஃபரியாகப் போனேன். அரையிறுதியன்று எனக்கு ஓய்வு. கையில் ஒரே ஒரு நாள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் நாடு ஆடும் ஆட்டத்துக்கு யாரும் ரெஃபரியாக நிற்க முடியாது. அன்று மூன்று மணிக்கு இந்தியாவின் அரையிறுதி. இந்தியா தோற்றால் இறுதிப் போட்டியின் விசில் எனக்கு என்று நடுவர் குழுத் தலைவி சாடையாகச் சொல்லியிருந்தார். ஜெயித்தால் வேறு நாட்டுக்காரிக்கு. வந்திருந்தவர்களில் அந்த விசிலுக்குத் தகுதியானவள் நான்தான். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

காலை ஆறரைக்குத் தென்னூரில் ஆட்டோ பிடித்தேன். நாள் முழுக்கச் சுற்ற ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். ரெஃபரி என்றதும் ஓட்டுநர் பஷீர் பாய் திரும்பிப் பார்த்தார்.

“இந்தியா ஜெயிக்கணும்னு ஃபஜ்ர் தொழுகையிலயே துஆ செஞ்சுட்டேங்க மேடம். நீங்களும் பெருமாள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“சரிங்க பாய்” என்று சொல்லித் தொலைத்தேன்.

ஸ்ரீரங்கம் எட்டு கிலோமீட்டர். நூறு ரூபாய் டிக்கெட் வரிசையில் முக்கால் மணி நேரம் ஆனது. சந்நிதியில் நிற்க அரை நிமிடம்தான் கிடைக்கும், வேண்டுதலை வரிசையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் செய்யவில்லை. தோற்கட்டும் என்று கேட்க மனம் வரவில்லை, ஜெயிக்கட்டும் என்று கேட்கவும் வரவில்லை.

“சேவிச்சாச்சோல்லியோ? நகருங்கோ, பின்னாடி காத்துண்டிருக்கா” என்றார் பட்டர். மைதானத்தில் நொடியில் முடிவெடுப்பவள், எதுவும் கேட்காமலே வெளியே வந்தேன்.

ஸ்டேடியம் பக்கமே தலைவைக்கக் கூடாதென்று மதியம் முக்கொம்புக்குப் போகச் சொன்னேன். பஷீர் பாய் விடுவாரா? ஆற்றங்கரையில் வறுத்த மீன் வாங்கிவைத்து, போனில் ஆட்டத்தைப் போட்டுவிட்டார். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடங்களில் நம் பெண் ஒருத்தி கோலுக்கு முன்னால் விழுந்தாள்.

“பெனால்டிதானே மேடம்?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை நீண்டு பெனால்டி புள்ளியைக் காட்டிவிட்டது. எதிரணிக்காரி காலில்தான் தட்டினாள், சந்தேகமே இல்லை. போனில் இருந்த ரெஃபரி அதற்குப் பிறகுதான் ஊதினார். கோல். இந்தியா இறுதிக்குப் போனது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணும் கலங்கியது.

“அவங்களுக்கு முந்தியே சொல்லிட்டீங்களே!” என்று குதித்தார் பஷீர் பாய். “ஃபைனலுக்கு நீங்கதான் மேடம் விசில் ஊதணும்!”

நீங்கள் போவதானால் ஸ்ரீரங்கத்தைக் காலையிலும் முக்கொம்பை வெயில் தாழ்ந்தும் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் இரண்டு இடத்திலும் கூட்டம் நெரியும். ஆட்டோ வாடகையை ஏறுமுன் பேசிவிடுங்கள்.

இறுதிப் போட்டியைக் கேலரியில் பஷீர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, தொண்டை கட்டும்வரை ரெஃபரியைத் திட்டினேன்.