மரகதம் அக்கா மூச்சு வாங்கிய இடங்கள்

செவ்வாய்க்கிழமை மதியம், போர்ட் கிள்ளானில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "அம்மா காலையில தவறிட்டாங்க ஆன்டி. தூக்கத்திலேயே." அனுப்பியவள் கவிதா, மரகதம் அக்காவின் மகள். பெட்டியை மூடி வைத்தேன். அழுகை வரவில்லை. அக்கா பார்த்துக்கொண்ட முதியவர்களின் குடும்பங்களையெல்லாம் சேர்த்துக் கவிதா ஒரு குழு தொடங்கினாள். அரை மணி நேரத்தில் அதில் இரங்கல்கள் குவிந்தன. ஜெஞ்சாரோமிலிருந்து ஒருவர், 'எங்கள் வீட்டுப் பிள்ளையை இழந்துவிட்டோம்' என்று எழுதினார். கிள்ளானிலிருந்து இன்னொருவர், 'எங்கள் அப்பாவுக்கு அவர்தான் மகள்' என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வந்ததைத் துக்கம் என்று எழுதினால் பொய். பொறாமை.

அக்காவை அறிந்தவர்களே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் அவரை நேசித்தவர்கள். நான் அவரைப் பார்த்து வயிறெரிந்தவள். இன்று உங்களைப் பார்த்தும் வயிறெரிகிறது. அவரைப் பற்றி எழுத உங்களில் யாருக்கும் என்னைவிடத் தகுதி அதிகம். ஆனால் என்னளவு அவரை உற்றுக் கவனித்தவர் யாரும் இருக்க முடியாது. பொறாமைக்காரியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா போன பிறகு அம்மா பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வாரத்தில் அவருக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. கிள்ளானில் என் வீட்டுக்கு அழைத்துவர வழியில்லை. ஊரே மூடினாலும் துறைமுகம் மூடவில்லை. நாள் முழுக்க லோரி ஓட்டுநர்கள் என் அலுவலக முகப்புக்கு வந்து சரக்குத் தாள்களை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கும் அங்கேதான் ஷிப்ட் வேலை. தொற்றை நாங்களே வீட்டுக்குச் சுமந்து வருவோம் என்ற பயம் எனக்கு இருந்தது. அப்போது தெரிந்தவர் ஒருவர் மூலமாக மரகதம் அக்கா வந்தார். மருத்துவமனை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், சுங்கை வேயில் மகளோடு இருந்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரு துணிப்பையோடு வாசலில் நின்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் உள்ள போனா வெளிய வரமாட்டேன். வெளிய இருக்கிறவங்க யாரும் உள்ள வரக்கூடாது. நீங்களும்தான் சாந்திம்மா."

தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்க் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு ஓர் அக்கா பிறந்திருக்கிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமைதோறும் சாலைத் தடுப்பில் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போவேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருக்கும். காய்கறி, மீன் என்று பாசார் சாமான்களை அதில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அக்கா எடுத்துத் துடைத்து உள்ளே கொண்டுபோவார். பிறகு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கம்பிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவார். மூன்றாவது வாரம் அம்மாவின் தலையில் கோண வகிடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா நேர் வகிடுதான் எடுப்பார். "மரகதம் சீவி விட்டா. நடுவுல முடி கொட்டிருச்சாம், இப்படி எடுத்தா தெரியாதாம். நல்லா இருக்குல்ல?" என்றார். நல்லாத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல். ஒருமுறை நான் விடியற்காலையில் எழுந்து மீன்குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். மறுநாள் தொலைபேசியில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "உப்பு கூட. மரகதம்தான் என்னமோ பண்ணி சரி பண்ணா" என்றார் அம்மா. பின்னால் அக்கா சிரிப்பதும், அதற்கு அம்மா சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. என்னோடு அம்மா அப்படிச் சிரித்த நினைவு இல்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தின நாள் நான் புதுப்புடவையோடு போனேன். அதை அம்மாவுக்கு என் கையால் கட்டிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. கதவைத் திறக்கச் சொன்னேன். அக்கா திறக்கவில்லை.

"பத்து நிமிசம்தான். முகக்கவசம் போட்டிருக்கேன்லா."

"வேணாங்க சாந்திம்மா."

"இது எங்கம்மா வீடு."

"ஆமாங்க. அதான் பூட்டி வச்சிருக்கேன்."

கம்பியைப் பிடித்து உலுக்கினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அம்மா உள்ளிருந்து, "அவ சொல்றதக் கேளு சாந்தி" என்றார். நான் புடவையை முக்காலியில் எறிந்துவிட்டு வந்தேன். தீபாவளி கழிந்த மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. சோதனையில் தொற்று உறுதியானது. அன்று கதவு திறந்திருந்தால், எண்பத்து மூன்று வயது அம்மாவின் மூச்சுக்காற்றில் நான் என்னத்தைக் கலந்திருப்பேன் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அக்கா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நான் தனிமையில் கிடந்த பதினான்கு நாளும் காலையில் கூப்பிட்டு, "கஞ்சி குடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு ஒரு சண்டையாவது கிடைத்திருக்கும்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். காலையில் காப்பி குடித்ததும் தமிழ் நாளிதழில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். யார் போனார்கள், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்த பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். கண்ணில் புரை விழுந்த பிறகு வாசித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையும் அக்காவிடம் போனது. அடுத்த ஆண்டு அந்த ஒரு பக்கம் பல பக்கங்களாக விரிந்தது. ஒருநாள் தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக, "பாவம்மா பார்வதி ஆன்டி, யாரும் பக்கத்துல போய்ப் பாக்கக்கூட முடியல" என்றேன். பார்வதி ஆன்டி அம்மாவுக்கு நாற்பது வருடக் கோயில் சிநேகிதி. அறிவிப்பு மூன்று நாளுக்கு முன்பே பேப்பரில் வந்துவிட்டது. "பார்வதியா?" என்றார் அம்மா.

எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பெயரை அக்கா படிக்காமல் தாண்டியிருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குள் ஒரு குதூகலம். அகப்பட்டுக்கொண்டாள் மரகதம் என்று இருந்தது. "பாத்தியாம்மா, உனக்கு சரியா படிச்சுக் காட்டறதில்ல. ஏமாத்தறாங்க" என்றேன்.

அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். "எனக்குத் தெரியும். படிச்சிக்கிட்டே வரும்போது ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்குவா. அங்க எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். நானும் கேக்க மாட்டேன். யாருன்னு தெரியாத வரைக்கும் எல்லாரும் இருந்தாங்க. இப்ப நீ சொல்லிட்ட."

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். "விடுங்க, வயசானவங்களுக்கு மருந்து பாதி, பொய் பாதி" என்றார். நான் அம்மாவோடு பேசிய இத்தனை வருடங்களில் எங்களுக்குள் சொல்லாமல் புரிந்த விஷயம் ஒன்றுகூட இல்லை. அவர்கள் இருவருக்கும் ஒரு மூச்சு போதுமானதாக இருந்தது.

கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கின பிறகும் அக்காவை அம்மா போக விடவில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் கவிதாவுக்குக் குழந்தை பிறந்தது. அதை அக்கா முதலில் கையில் வாங்கியபோது அது நடக்கத் தொடங்கியிருந்தது. அதையும் அம்மாவின் மடியில்தான் கொண்டுவந்து உட்கார வைத்தார். அம்மா நோயால் போகவில்லை. எண்பத்தைந்து வயதில், தன் கட்டிலில், முதுமையால் போனார். அதற்கு ஒரு வாரத்துக்கு முன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பேப்பர்ல போடும்போது மகள்கள்னு போடு. மரகதம் பேரு முதல்ல. அவதான மூத்தவ" என்றார். அடுப்படியில் அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. நான், "சரிம்மா" என்றேன்.

அறிவிப்பை எழுதியது நான். 'மகள்: சாந்தி' என்று ஒரு பெயரோடு அனுப்பினேன். இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் தாராளமாக இருந்தது.

அடக்கத்தன்று காலையில் பேப்பர் வந்தது. கண் சரியாகத் தெரியாத பக்கத்து வீட்டு ஆன்டி, "என்ன போட்டிருக்கு, படி மரகதம்" என்றார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். பெயர், வயது, ஊர் எல்லாம் அம்மாவுக்குப் படிக்கிற அதே குரலில் வந்தன. 'அன்னாரின் பிரிவால் வாடும்' என்பது வரை வந்து, நின்றார். மூச்சு வாங்கினார். பிறகு, 'மகள் சாந்தி' என்று தொடர்ந்து, கடைசி வரி வரைக்கும் படித்து முடித்து, தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சாந்திம்மா" என்றார். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் உங்கள் வீடுகளுக்கு வந்தார். கிள்ளானில் என் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் மாலை காரில் போகும்போது, அக்கா அந்தப் பெரியவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். வழுக்கையில் மிச்சமிருந்த நாலு முடியையும் கோண வகிடெடுத்து அழகாகச் சீவியிருந்தார். இறங்கி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பெரியவர் ஏதோ சொல்ல, அக்கா குனிந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் காரை நிறுத்தவில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

நேற்றுக் கவிதா தன் அம்மாவின் அறிவிப்பை எனக்கு அனுப்பி, "எழுத்துப்பிழை இருந்தா பாருங்க ஆன்டி" என்றாள். வாய்விட்டுப் படித்தேன். மகள், மருமகன், பேரன், தம்பி. சகோதரி என்று யாரும் இல்லை. என்னைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. 'தம்பி' என்ற இடத்துக்கு முன்னால் என்னை அறியாமல் நின்று மூச்சு வாங்கினேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். நீங்கள் வேறு எதையெல்லாமோ வைத்திருப்பீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூச்சை உங்களில் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அம்மாவின் அறிவிப்பில் ஒரு திருத்தம் இருக்கிறது. தாமதத்துக்கு என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் இருவருமே இப்போது இல்லை. அன்னாரின் பிரிவால் வாடும் மகள்கள்: மரகதம், சாந்தி.

மூத்தவர் என்பதால் அவர் பெயர் முதலில் வருகிறது. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.